படத்துக்கும் மூலப்பத்திரம் உண்டு

தம்பு செட்டித் தெருவில் என் சீனியரின் அலுவலகம் மாடியில் இருந்தது. மரப்படி ஏறியதும் இடது பக்கம் குமாஸ்தாவின் மேசை. வலது பக்கம் கட்சிக்காரர்கள் உட்கார ஒரு நீளப் பெஞ்சு. பெஞ்சுக்கு எதிர்ச் சுவரில், மற்ற வக்கீல்கள் சாமி படம் மாட்டும் இடத்தில், சீனியர் ஓர் ஓவியத்தின் அச்சுப் பிரதியைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம். கட்டம் கட்டமாக, சரிந்த கோடுகளாக ஏதோ ஒன்று. அது என்னவென்று வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பார்கள். மீதிப் பேர் கேட்கத் தயங்கி வாய்தா தேதியைக் கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

1993-இல் பெரியமேட்டிலிருந்து ஒரு தோல் வியாபாரி வந்தார். எழுபதைத் தொட்ட வயது. எல்லாரும் அவரை பாய் என்றே கூப்பிட்டோம். இங்கும் அப்படியே சொல்கிறேன். முதல் நாள் பெஞ்சில் உட்கார்ந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அச்சுல கலர் பிசகிடுச்சா தம்பி?"

உள்ளேயிருந்து சீனியரின் சிரிப்புச் சத்தம் கேட்டது. வெளியே வந்தார். "பிசகல பாய். உள்ளே ஒரு ஆள் உக்காந்திருக்கார். முதல்ல கீழே பாருங்க, கை தெரியுதா?"

பாய் எழுந்து பக்கத்தில் போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். படத்தின் கீழ்ப்பகுதியில், மடியின் மேல் கோத்துவைத்த இரண்டு கைகள் இருக்கின்றன. ஒரு தடவை தெரிந்துவிட்டால் பிறகு மறையாது. "ஆமா... கையைக் கோத்துக்கிட்டு உக்காந்திருக்காரு" என்றார். அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது அந்தக் கை மட்டும்தான்.

வழக்கு சாதாரணமானது. பெரியமேட்டில் பாய்க்கு ஒரு வீடு. கீழ்க்கட்டில் ஒரு கடை. 1974-இல் வாடகைக்கு விட்டது. கடைக்காரர் இரண்டு வருடமாக வாடகை தரவில்லை. வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்ததாகக் காட்டி, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி காலி செய்யச் சொல்லி மனு போட்டோம். உயர் நீதிமன்ற வளாகத்தில் இருந்த சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் ஆர்.சி.ஓ.பி. என்ற வாடகைக் கட்டுப்பாட்டு மனுவாக எண் ஆனது. மூன்று வாய்தாவில் முடியும் என்று நான் நினைத்தேன்.

நான்காவது வாய்தாவில் எதிர்த்தரப்பு எதிருரை தாக்கல் செய்தது. அதில் வாடகை பாக்கியைப் பற்றி இரண்டே வரி. மீதியெல்லாம் வேறு கதை. வீட்டின் கிரயப் பத்திரம் 1940-களில் பாயின் பெயரிலும் அவருடைய அண்ணன் பெயரிலும் எழுதப்பட்டது. அண்ணன் 1950-களில் கராச்சிக்குப் போய் அங்கேயே குடியுரிமை பெற்று அங்கேயே இறந்துவிட்டார். ஆகவே பாதி வீடு 1968-ஆம் வருட எதிரிச் சொத்துச் சட்டப்படி அரசின் பாதுகாவலரிடம் போய்ச் சேர்ந்த சொத்து. மனுதாரர் வீட்டுக்காரரே இல்லை. அவருக்கு மனுப் போட உரிமையில்லை. இதுதான் அவர்கள் வாதம்.

நகலைப் பாய்க்குத் தமிழில் படித்துச் சொன்னேன். நம் கோர்ட்டுத் தமிழில் கிரிமினல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்போம். முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்று எண் போட்டுச் சொல்வோம். பாய் அப்படித்தான் புரிந்துகொண்டார் போல. "எங்க அண்ணன் மேல என்ன கேஸ் தம்பி? அவரு மௌத்தாகிப் பதினஞ்சு வருஷம் ஆச்சே" என்றார். கேஸ் எதுவும் இல்லை, இது வேறு எதிரி, போர் வந்தால் அந்த நாட்டுக் குடிமக்களின் சொத்தை இந்த நாடு எடுத்து வைத்துக்கொள்ளும், அதற்குப் பெயர்தான் இது என்று விளக்கினேன். அவர் சமாதானம் ஆகவில்லை. "எதிரின்னா என்ன செஞ்சாரு?" என்று மறுபடியும் கேட்டார்.

அதற்குப் பதில் சொல்லச் சீனியர் சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். "அந்த ஆளும் ஒண்ணும் செய்யல பாய்" என்றார்.

அன்று சாயங்காலம் அவர் சொன்ன கதையை, பிறகு நானே தேடிப் படித்தவற்றோடு சேர்த்துச் சொல்கிறேன்.

படத்தில் உட்கார்ந்திருப்பவர் டேனியல்-ஹென்றி கான்வைலர். 1884-இல் ஜெர்மனியின் மன்ஹைமில் பிறந்த யூதர். குடும்பத்தார் அவரைப் பங்குச் சந்தைத் தொழிலில் விடப் பார்த்தார்கள். அவருக்கு ஓவியத்தில் பைத்தியம். லண்டனில் இருந்த மாமன்மார் ஆயிரம் பவுனும் ஒரு வருட அவகாசமும் கொடுத்தார்கள். அதற்குள் தேறாவிட்டால் திரும்பி வந்துவிட வேண்டும் என்பது பேச்சு. 1907-இல் பாரிஸில் வினியோன் தெரு 28-ஆம் எண்ணில் ஒரு தையற்கடைக்காரர் காலி செய்த இடத்தை எடுத்தார். நாலு மீட்டருக்கு நாலு மீட்டர், அவ்வளவுதான் கடை. அந்தச் சின்ன இடத்தில் 1908 நவம்பரில் பிராக் என்ற ஓவியரின் நிலக்காட்சி ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். வீடுகளையெல்லாம் கனசதுரங்களாக்கிவிட்டார் என்று ஒரு விமர்சகர் கேலியாக எழுதியதிலிருந்துதான் கியூபிசம் என்ற பெயரே வந்தது. பிக்காசோ, பிராக், கிரிஸ், லெஜே என்று இன்று உலகமே தலையில் வைத்துக் கொண்டாடும் பெயர்களை, யாரும் சீந்தாத காலத்தில் ஒப்பந்தம் போட்டு மொத்தமாக வாங்கியவர் அவர்.

1910-இல் பிக்காசோ தன்னிடம் படம் வாங்கிய மூன்று பேரை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். வொல்லார், ஊடே, கான்வைலர். கான்வைலர் இருபது முப்பது தடவை போய் உட்கார்ந்தாராம். முடிந்த படம் ஏறக்குறைய மூன்றேகால் அடி உயரம், இரண்டரை அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். ஒரு முகத்தை ஒரே இடத்திலிருந்து பார்த்து வரைவது பழைய வழக்கம். பிக்காசோ அந்த முகத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்ததை எல்லாம் ஒரே தளத்தில் சில்லுசில்லாக அடுக்கினார். ஆள் தொலைந்துவிடாமல் இருக்க அங்கங்கே ஓர் அடையாளம் மட்டும் விட்டுவைத்தார்: வாரிய தலைமுடியின் வளைவு, மூக்கின் கோடு, வயிற்றின் மேல் தொங்கும் கடிகாரச் சங்கிலி, கோத்த கைகள். ஒரு ஜூனியர் வழக்குக் கட்டைப் பிரித்துப் போட்டால் இப்படித்தான் இருக்கும் என்பார் சீனியர். ஆவணம் எல்லாம் மேசை மேல் கிடக்கும். ஆளை நாம்தான் கூட்டிச் சேர்க்க வேண்டும்.

1914 ஆகஸ்டில் போர் வந்தது. கான்வைலர் அப்போது விடுமுறைக்கு இத்தாலி போயிருந்தார். ஜெர்மன் ராணுவத்தில் சேர்ந்து பிரான்ஸைச் சுட அவருக்கு மனமில்லை. பிரான்ஸுக்குத் திரும்பவும் வழியில்லை, அங்கே அவர் எதிரி நாட்டான். சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரில் ஒரு நண்பரிடம் போய்த் தங்கினார். 1914 செப்டம்பர் 27-ஆம் தேதி எதிரி நாட்டாரோடு வியாபாரம் கூடாது என்று பிரெஞ்சு அரசு ஆணை போட்டது. அந்த வருடக் கடைசியில் வினியோன் தெருக் கடையிலிருந்த ஓவியங்கள் எல்லாம் அரசின் கட்டுப்பாட்டுக்குப் போயின. அவருடைய சொந்த உருவப்படமும் அதில் ஒன்று.

சீனியர் இங்கே நிறுத்தி, ஜன்னல் பக்கம் கை காட்டினார். "பாய், ஹைகோர்ட்டுக் கிழக்கு மதில்ல ஒரு கல்வெட்டு இருக்கே, எம்டன் கப்பல் போட்ட குண்டு விழுந்த இடம்னு, அது 1914 செப்டம்பர் 22. அதுக்கு அஞ்சே நாள் கழிச்சுத்தான் பாரிஸ்ல அந்த ஆணை. குண்டு மதிலோட போச்சு. ஆணை ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் போச்சு."

பாய் வியாபாரி. அவருக்கு வந்த முதல் சந்தேகம் வியாபாரச் சந்தேகம். "வரஞ்சவங்க பிரான்ஸ்காரங்கதானே? அப்புறம் எப்படி அது எதிரிச் சரக்கு ஆகும்?"

"தோலைப் பதம் போடறது ஆம்பூர்லனு வைங்க. நீங்க காசு குடுத்து வாங்கி குடோன்ல போட்டுட்டா அது யாருது?"

"எனக்குத்தான்."

"அதான். அவர் ரொக்கத்துக்கு வாங்கினவர். அதனால அவர் நாடுதான் சரக்கோட நாடு."

எல்லாம் ரொக்கம் என்பதும் முழுக்க உண்மையில்லை. தனக்கு 20,000 பிராங்க் பாக்கி என்று பிக்காசோவே அரசுக் கட்டுப்பாட்டிலிருந்த சொத்தின் மேல் கோரிக்கை வைத்தார். போருக்கு முன்னாலேயே பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிக்கொள்ளும்படி கான்வைலரிடம் நண்பர்கள் சொன்னார்கள். சரக்கை நியூயார்க்குக்கு அனுப்பிவிடலாம் என்று ஓர் அமெரிக்க வியாபாரி யோசனை சொன்னார். போர் வராது என்று நம்பி இரண்டையும் அவர் செய்யவில்லை. "எல்லாக் கட்சிக்காரரும் இதைத்தான் செய்யறாங்க. நேரம் இருக்கும்போது காகிதம் போட மாட்டாங்க" என்றார் சீனியர். பாய் தலையைக் குனிந்துகொண்டார். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

போர் முடிந்தது. 1919 ஜூனில் கையெழுத்தான வெர்சாய் உடன்படிக்கையின் 297-ஆவது பிரிவு, தங்கள் மண்ணில் உள்ள ஜெர்மானியர் சொத்தை வைத்துக்கொள்ளவும் விற்றுத் தீர்க்கவும் வென்ற நாடுகளுக்கு உரிமை கொடுத்தது. சொத்தை இழந்தவனுக்கு அவனுடைய ஜெர்மனியே ஈடு தர வேண்டும் என்றும் சொன்னது. அந்த வருட அக்டோபரில் பிரான்ஸ் அதற்கான சட்டத்தையும் போட்டது. கான்வைலர் 1920-இல் பாரிஸ் திரும்பினார். சொந்தப் பெயரில் கடை வைக்க முடியாமல், கூட்டாளி ஆந்த்ரே சிமோனின் பெயரில் கலேரி சிமோன் என்று ஆரம்பித்தார். தன் பழைய சரக்கு ஏலம் போவதை அங்கிருந்தே பார்த்தார்.

ஏலம் நடந்த இடம் ஓட்டல் த்ரூவோ. பெயர்தான் ஓட்டல், பாரிஸின் பெரிய ஏல மாளிகை அது. முதலில் 1921 மே 30-இல் ஊடேயின் சேகரிப்பு போனது. கான்வைலரின் சரக்கு நான்கு தவணையாகப் போனது: 1921 ஜூன், 1921 நவம்பர், 1922 ஜூலை, 1923 மே. நூற்றுக்கணக்கான ஓவியங்கள், அதில் பிக்காசோவும் பிராக்கும் மட்டுமே ஆளுக்கு நூற்றுக்கு மேல். இவ்வளவையும் சந்தையில் கொட்டினால் விலை என்ன ஆகும் என்பது கொத்தவால் சாவடியில் ஒரு நாள் நின்றவனுக்கும் தெரியும். ஏலத்துக்கு ஏலம் விலை சரிந்தது. கியூபிச ஓவியங்களை மதிப்பிட அமர்த்தப்பட்டவர் லெயோன்ஸ் ரோசன்பெர்க் என்ற இன்னொரு ஓவிய வியாபாரி. முதல் ஏலத்தின்போது பிராக் அவரை ஏல மாளிகையிலேயே அடித்தார். விவகாரம் போலீஸ் வரை போனது. பிராக்கின் கோபத்துக்கு நியாயம் இருந்தது. 1915-இல் பிரான்ஸுக்காகப் போர்முனையில் நின்று தலையில் குண்டடிபட்டு மண்டையைத் திறந்து அறுவை செய்து பிழைத்தவர் அவர். அவர் கையால் வரைந்த படங்களை, எதிரியின் சொத்து என்று சொல்லி அதே பிரான்ஸ் மலிவு விலைக்கு விற்றுக்கொண்டிருந்தது.

பாய் அடுத்த கேள்வியைக் கேட்டார். "அவரே வந்து ஏலத்துல எடுத்திருக்கலாமே?"

"யார் பணத்துல, யார் பேருல? எதிரிச் சொத்தை எதிரியே எடுக்க விடுவாங்களா?"

"வேற ஆள் பேருல..."

"ஆங், அங்கதான் வர்றீங்க!" சீனியர் மேசையைத் தட்டினார். கான்வைலரின் தம்பியும் சில நண்பர்களும் சேர்ந்து ஒரு கூட்டு வைத்து, கிராசா என்ற பெயரில் ஏலம் கேட்டார்கள். எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் பினாமி. கையில் இருந்த பணத்துக்குச் சில பிராக், சில கிரிஸ் என்று மீட்டார்கள். எல்லாவற்றையும் மீட்கப் பணம் இல்லை. கான்வைலரின் உருவப்படம் 1921 நவம்பர் ஏலத்தில் வந்தது. கூட்டத்தில் இருந்த ஐசக் குரூனவால்ட் என்ற ஸ்வீடன் நாட்டு ஓவியர் அதை எடுத்துக்கொண்டு போனார். மத்தீஸிடம் படித்தவர் அவர்.

அந்த இடத்தில் பாய் எழுந்து மறுபடியும் படத்தின் முன்னால் போய் நின்றார். சங்கிலி எது என்று கேட்டு விரலால் தொட்டுப் பார்த்தார்.

நான் அன்று ராத்திரி வீட்டுக்குப் போகவில்லை. பாய் தலை குனிந்ததற்குக் காரணம் இருந்தது. அண்ணன் கராச்சிக்குப் புறப்பட்டபோது தன் பாதியைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனார். ஆனால் வாயால் கொடுத்தார். பள்ளிவாசல் பெரியவர்கள் நாலு பேர் முன்னால், "இது உனக்கு" என்று சொல்லி, சாவியைக் கையில் வைத்தார். முஸ்லிம் சட்டப்படி இது ஹிபா. கொடுக்கிறேன் என்ற சொல், ஏற்றுக்கொள்கிறேன் என்ற சொல், சுவாதீனம், மூன்றும் இருந்தால் போதும். பதிவு தேவையில்லை, எழுத்தே தேவையில்லை. பாகிஸ்தான் குடிமக்களின் சொத்து பாதுகாவலருக்குப் போனது 1965 செப்டம்பர் 10-இல். ஹிபா அதற்குப் பல வருடம் முந்தியது. அன்றைய தேதியில் அண்ணனுக்கு இங்கே சொத்தே இல்லை. இல்லாத சொத்தை யாரும் எடுக்க முடியாது. சட்டத்தில் நாம்தான் ஜெயிக்க வேண்டும். ஆனால் அந்த நாலு பெரியவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை.

ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஹிபாவைப் பற்றிப் பதினாலு பக்கம் குறிப்பு எழுதினேன். காலையில் சீனியரிடம் நீட்டினேன். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"நல்லா எழுதியிருக்கே. உள்ளே வை. இந்தக் கோர்ட்டுல ஹிபான்னு ஒரு வார்த்தை நம்ம வாயிலேருந்து வரக் கூடாது."

எனக்குப் புரியவில்லை.

"வாடகைக் கோர்ட்டுல உரிமையைப் பத்திப் பேச ஆரம்பிச்சா, இது உண்மையான தகராறு, சிவில் கோர்ட்டுக்குப் போன்னு தள்ளிடுவாங்க. அதுக்குத்தான் அவன் அலையறான். போய் பாய் வீட்டுல இருக்கற காகிதம் அத்தனையும் கொண்டா. கிழிசல் உட்பட."

இரண்டு தகரப் பெட்டிகள் வந்தன. மாநகராட்சி வரி ரசீது, குடிநீர் வரி ரசீது, வாடகை ரசீதின் அடிக்கட்டைகள். கரையான் அரித்தது போக மிச்சம். தரையில் பாய் விரித்து வருட வாரியாக அடுக்கினேன். நாலாம் நாள் ஒரு கடுதாசி அகப்பட்டது. 1979-இல் கடைக்காரர் தன் கைப்பட எழுதியது. கடைக்குள் பரண் கட்டிக்கொள்ள அனுமதி கேட்டு, "வீட்டு உரிமையாளர் அவர்களுக்கு" என்று ஆரம்பித்திருந்தார். கீழே கையெழுத்து, தேதி.

அந்த நாலு நாளில்தான் சீனியர் எனக்கு ஓவியத்தின் மூலப்பத்திரத்தைப் பற்றிச் சொன்னார். நாம் ஒரு மனை வாங்கப் போனால் தாய்ப் பத்திரம் எங்கே, வில்லங்கம் உண்டா, நடுவில் யாராவது விட்டுப் போயிருக்கிறார்களா என்று பார்ப்போம் அல்லவா? ஓவியத்துக்கும் அதேதான். அருங்காட்சியகங்கள் ஒவ்வொரு படத்துக்கும் கை மாறிய வரலாற்றை எழுதி வைக்கின்றன. பிக்காசோவிடமிருந்து கான்வைலர், அங்கிருந்து பிரெஞ்சு அரசு, ஏலத்தில் குரூனவால்ட், பிறகு அமெரிக்கா. சிகாகோவில் ஓவியக் கலையை வளர்த்த குட்ஸ்பீட் என்ற சீமாட்டி, மறுமணத்துக்குப் பின் திருமதி சாப்மன் ஆனவர், முதல் கணவர் நினைவாக 1948-இல் சிகாகோ கலைக் கழகத்துக்கு அதை நன்கொடையாகக் கொடுத்தார். பதிவு எண் 1948.561. "நம்ம சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் மாதிரியே பார், 1948-ஆம் வருஷத்து 561-ஆம் எண்" என்பார்.

அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி பலவந்தமானது. சொந்தக்காரர் சம்மதிக்காமல் அரசு விற்றது. ஆனாலும் அந்த விற்பனை இன்றுவரை செல்லுபடி. உடன்படிக்கையும் சட்டமும் அதற்குப் பின்னால் நிற்கின்றன. கூடவே இன்னொன்றும் சொன்னார். 1910-இல் வரைந்த மூன்று உருவப்படங்களுமே ஏதோ ஓர் அரசின் கையில் அகப்பட்டவை. ஊடேயும் கான்வைலரும் பிரான்ஸில் ஏலம் போனார்கள். வொல்லாரின் படத்தை மாஸ்கோவின் மொரோசொவ் என்ற துணி ஆலை முதலாளி வாங்கியிருந்தார். 1918 டிசம்பரில் லெனின் அரசு அவருடைய சேகரிப்பு முழுவதையும் நாட்டுடைமை ஆக்கியது. இன்று அது மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்தில். மொரோசொவின் வாரிசு, அதே சேகரிப்பிலிருந்து அமெரிக்கா போய்ச் சேர்ந்த வேறு ஓவியங்களுக்காக அங்கே வழக்குப் போட்டுப் பார்த்தார். இன்னொரு நாட்டு அரசு தன் மண்ணில் செய்ததை நாங்கள் விசாரிக்க மாட்டோம் என்று 2012-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. இந்தத் தீர்ப்பைப் படித்த அன்று சீனியரிடம் ஓடிப் போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவர் அப்போது இல்லை.

குறுக்கு விசாரணை நாள் வந்தது. கடைக்காரர் கூண்டில் ஏறினார். எதிரிச் சொத்து, பாதுகாவலர், 1968-ஆம் வருடச் சட்டம் எல்லாம் அவருக்கு நன்றாகப் பாடம் ஆகியிருந்தது. சீனியர் அந்தப் பக்கமே போகவில்லை.

"1974-இல் கடைக்கு வரும்போது சாவியை யாரிடம் வாங்கினீர்கள்?"

"பாய்கிட்டதான்."

"முன்பணம்?"

"பாய்கிட்ட."

"பதினேழு வருடம் வாடகை?"

"பாய்கிட்ட."

"ரசீது?"

"அவர்தான் கொடுப்பார்."

1979 கடுதாசியைக் காட்டினார். கையெழுத்து தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார். சான்றாவணமாகக் குறியீடு ஆனது. "மேற்கொண்டு கேள்வி இல்லை" என்று சீனியர் உட்கார்ந்துவிட்டார். மொத்தம் எட்டு நிமிடம் ஆகியிருக்கும். யார் கையால் சாவி வாங்கி உள்ளே போனானோ, அவருக்கு உரிமையில்லை என்று உள்ளே இருந்துகொண்டே வாடகைக்காரன் சொல்ல முடியாது. அன்றைய சாட்சியச் சட்டத்தின் 116-ஆவது பிரிவு அது. நாங்கள் எஸ்டாப்பல் என்போம். வாயைக் கட்டிவிடும். அதோடு, நல்லெண்ணம் இல்லாமல் உரிமையை மறுப்பது அன்றைய வாடகைச் சட்டத்தில் தனியே ஒரு காலி செய்யும் காரணமாக இருந்தது. அவர்கள் போட்ட எதிருரையே அவர்களுக்கு எதிராகத் திரும்பியது.

1996-இல் காலி செய்ய உத்தரவு. மேல்முறையீடு, சீராய்வு மனு என்று இழுத்து 2000-இல் சாவி கைக்கு வந்தது. பாய் இனிப்போடு வந்தார். சீனியர் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால் ஒன்று சொன்னார்.

"பாய், நாம வாடகைக்காரன் வாயைத்தான் கட்டினோம். அரசாங்கத்தோட வாயை இந்தத் தீர்ப்பு கட்டாது. உங்க அண்ணன் குடுத்ததை, எந்த வருஷம், யார் முன்னால, எப்படின்னு ஒரு உறுதிமொழிப் பத்திரமா எழுதுங்க. கராச்சியில அவர் பசங்க இருக்காங்களே, அப்பா குடுத்தது உண்மைன்னு அவங்ககிட்ட ஒரு வரி எழுதி வாங்குங்க."

"செஞ்சிடலாம் ஐயா" என்றார் பாய். போகும்போது படத்தின் முன்னால் நின்று, "இப்போ முகமும் தெரியுது தம்பி" என்றார். எழுதி வாங்கவில்லை. நான்கு வருடத்தில் இறந்துபோனார்.

கான்வைலருக்கு இரண்டாம் முறையும் சோதனை வந்தது என்பதைப் பின்னால் படித்தேன். 1937-இல் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியிருந்தார்; இந்த முறை எதிரி நாட்டான் என்ற பெயர் இல்லை. ஆனால் 1940-இல் ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்ததும் யூதன் என்ற பெயர் வந்தது. இம்முறை அவர் காகிதத்தை விடவில்லை. மனைவியின் மகளும், வெளியுலகுக்கு மனைவியின் தங்கையுமான லூயிஸ் லெயிரிஸின் பெயருக்கு 1941-இல் கடையை முறைப்படி கிரயம் செய்தார். கடை தப்பியது. போருக்குப் பிறகும் அது கலேரி லூயிஸ் லெயிரிஸ் என்ற பெயரிலேயே நடந்தது. பிடுங்கப்பட்ட மற்றவர்களுக்காக 1945 ஏப்ரல் 21-இல் பிரெஞ்சு அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டது: ஆக்கிரமிப்புக் காலத்தில் சொத்தைப் பறித்த செயல்கள் செல்லாதவை. ஒரே ஊர், ஒரே மனிதர், இருபத்தைந்து வருட இடைவெளி. முதல் பறிப்பில் போன படத்தை இன்று யாரும் திருப்பிக் கேட்க முடியாது. இரண்டாவது பறிப்பில் போன படங்களுக்கு இன்னும் வாரிசுகள் வந்துகொண்டிருக்கிறார்கள். பறிகொடுத்தவன் வலி இரண்டிலும் ஒன்றுதான். எந்தப் பறிப்புக்குச் சட்டம் துணை நின்றது என்பதில்தான் வித்தியாசம்.

நம் நாட்டுக்கும் வருகிறேன். 2005-இல் மகமூதாபாத் ராஜாவின் எதிரிச் சொத்து வழக்கில், வாரிசு இந்தியக் குடிமகன் என்றால் சொத்தைத் திருப்பிக் கொடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017-இல் திருத்தச் சட்டம் வந்தது. எதிரியின் வாரிசு இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும் எதிரி என்ற சொல்லுக்குள் அடக்கம்; வாரிசுரிமை செல்லாது; சிவில் நீதிமன்றம் இதில் தலையிட முடியாது. அந்த வருடம் பாயின் பிள்ளைகள் என்னிடம் வந்தார்கள். வீட்டை விற்க வேண்டும்.

நான் பழைய பதினாலு பக்கத்தைத் தேடி எடுத்தேன். ஹிபா 1965-க்கு முந்தியது, ஆகவே அந்தப் பாதி ஒருநாளும் எதிரிச் சொத்து ஆகவில்லை என்பது இன்றும் என் கருத்து. கருத்தாக எழுதியும் கொடுத்தேன். வாங்க வந்தவரின் வக்கீலும் கடன் தர இருந்த வங்கியும் ஒரே கேள்வி கேட்டார்கள்: "காகிதம் இருக்கா?" இல்லை. வீடு விற்கவில்லை. அந்தப் பிள்ளைகள் அதில் இன்றும் குடியிருக்கிறார்கள்.

சீனியரின் படம் இப்போது என் அறையில். அதன் அசலைச் சிகாகோவில் ஒரு முறை நேரில் பார்த்தேன். அச்சில் தெரிவதைவிட நிறம் வெளுப்பு. கைகள் மட்டும் அதேபோல் கோத்தபடி இருந்தன. ஹிபாவுக்குப் பதிவு வேண்டாம் என்று சட்டம் சொல்கிறது. எழுதி வைக்க வேண்டாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கொடுக்கிறவர் கண்ணெதிரில் இருக்கும்போதே, சாட்சிகளுக்குக் கை நடுங்காத வயதிலேயே, ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கி வைத்துவிடுங்கள்.